நாய்க்குட்டிக்குக் கடன் கணக்கு கிடையாது

2003-ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தை முப்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சின்னப் பையன். பின்னாலேயே ஒரு பக் நாய். அவன் போகிற இடமெல்லாம் அதுவும் குடுகுடுவென்று போகும். நீங்கள் எங்கே போனாலும் எங்கள் சிக்னல் கூடவே வரும் என்று சொல்ல வந்த படம். 2007-ல் ஹட்ச், வோடஃபோன் ஆனது. 2018-ல் வோடஃபோன் ஐடியாவோடு சேர்ந்தது. கம்பெனி பெயர் மாறிக்கொண்டே இருந்தது. நாய் மட்டும் மனசில் தங்கிவிட்டது.

பிரகாஷ் வர்மா இயக்கிய அந்த விளம்பரம் நம் நாட்டில் எடுத்த நல்ல விளம்பரங்களில் ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடவே, நாய் வளர்ப்பதைப் பற்றி நம் நகரத்து ஜனங்களுக்குச் சொல்லப்பட்ட பெரிய பொய்யும் அதுதான். அந்த நாயை யாரும் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. அதற்குப் பசிக்காது. குரைக்காது. செருப்பைக் கடிக்காது. ஹாலில் ஈரம் பண்ணாது. அன்பு என்று ஒன்று இருந்தால் போதும், மற்றதெல்லாம் இலவச இணைப்பாக வந்துவிடும். இதை நம்பி ஊர் ஊராக பக் வாங்கினார்கள். சப்பை மூக்கு, மூச்சு விடவே சிரமப்படும் இனம். மே மாத வெயிலில் அது இரைக்கிற இரைப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த விளம்பரப் பாட்டு மறுபடி இனிக்காது.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்றால், கொல்லிமலையிலிருந்து வந்த ஒரு கடிதம். செம்மேட்டுப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் '777 சார்லி' பார்த்துவிட்டு அடம் பிடித்ததில் சேலத்திலிருந்து ஒரு லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் அது மூன்று தடவை வாந்தி எடுத்ததாம். வீட்டுக்கு வந்த பிறகு வீடே மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது. பிள்ளைகள் கட்சி: கொஞ்சினால் சரியாகிவிடும். கணவர் கட்சி: டி.வி.யில் பார்த்தபடி நாம்தான் பாஸ் என்று காட்ட வேண்டும். அதற்காகச் செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறார். மூன்றாவது கட்சி மாமியார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். நாய் சினிமா ஒன்றுகூடப் பார்த்ததில்லை. 'குட்டி அவங்க சொன்னா மட்டும் கேக்குது சார். நீங்க படம், புத்தகம் பத்தியெல்லாம் எழுதுறீங்களே... எதைப் பாத்தா, எதைப் படிச்சா எங்களுக்கும் கேக்கும்?' என்று முடித்திருக்கிறார்.

நியாயமான கேள்வி. எந்த விமர்சகனும் ஒரு நாய்ப் படத்தை இந்தக் கோணத்தில் எடை போட்டு நான் படித்ததில்லை. போட்டுப் பார்க்கலாம்.

முதலில் பிள்ளைகள் கட்சி.

கிரண்ராஜ் இயக்கி ரக்ஷித் ஷெட்டி நடித்த '777 சார்லி' 2022 ஜூனில் வந்தது. கன்னடத்தில் எடுத்து, தமிழ் உட்பட மற்ற மொழிகளிலும் வெளியிட்டார்கள். 69-வது தேசிய விருதுகளில் சிறந்த கன்னடப் படம். யாரோடும் ஒட்டாத தர்மா என்ற தொழிற்சாலைத் தொழிலாளி. அவன் வாழ்க்கையில் வந்து விழுகிற ஒரு நாய்க்குட்டி. இரண்டாம் பாதியில் அதை பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு பனி காட்டக் கிளம்புகிறான். தியேட்டரில் நிறையப் பேர் அழுதார்கள். படத்தில் ஒரு தைரியமான விஷயமும் இருக்கிறது. சார்லியின் நோய்க்குக் காரணம் விதி அல்ல, காசுக்காக ரத்த உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யும் நாய் வியாபாரி என்று நேராகச் சொல்கிறார்கள். நாயை ஹீரோவின் தோழனாக மட்டும் பார்த்துப் பழகிய இந்திய சினிமாவில் இது அபூர்வம்.

ஆனால் வாசகியின் கேள்வியோடு பார்த்தால் படத்தில் ஒரு பெரிய ஓட்டை. சார்லி வீட்டை துவம்சம் செய்கிறது. நாம் சிரிக்கிறோம். தர்மா எரிந்து விழுகிறான். பிறகு அவன் மனம் இளகுகிறது. அவன் இளகிய கையோடு நாயின் பிரச்னைகளும் காணாமல் போகின்றன. நாய் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மனிதன் மாறினான், அதனால் வீடு சுத்தமாகிவிட்டது! திரைக்கதையில் இது அழகு. லாப்ரடார் வளர்க்கிற வீட்டில் இது நடக்காது. துப்பாக்கியால் சுட்டு விழுத்திய பறவையை வாயில் கவ்வி வந்து கொடுப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. பார்க்கிற பொருளையெல்லாம் கவ்வுவது அதன் குலத்தொழில். நீங்கள் இளகினாலும் இறுகினாலும் சோபா சோபாவாக இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரையில் சார்லி ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. படப்பிடிப்பில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. ஓடு என்றால் ஓடி, நில் என்றால் நின்று, கேமராவைப் பார்க்காமல் நடித்திருக்கிறது. பின்னால் ஒரு பயிற்சியாளரின் பொறுமையான உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் படமே இல்லை. அதே உழைப்பைக் கதைக்குள் ஐந்து நிமிடம்கூடக் காட்டவில்லை. சமையல்காரரை அடுக்களையில் பூட்டிவிட்டு, சாப்பாடு பாசத்தினால் வெந்தது என்று விருந்தாளிகளிடம் சொல்வது மாதிரி.

அதே 2022-ல் அமேசான் பிரைமில் வந்த 'ஓ மை டாக்' இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. சரோவ் சண்முகம் இயக்கம். விஜயகுமார், அருண் விஜய், அர்ணவ் என்று மூன்று தலைமுறை நடித்த ஊட்டிக் கதை. பார்வையில்லாத சைபீரியன் ஹஸ்கி குட்டிக்கு ஒரு சிறுவன் பயிற்சி கொடுக்கிறான். கண் தெரியாத நாய்க்குச் சத்தத்தாலும் தொடுதலாலும்தானே சொல்லித்தர முடியும்? அருமையான வாய்ப்பு. ஆனால் படத்துக்கு அவசரம். போட்டி, வில்லன், பரிசு என்று போய்விடுகிறது. பயிற்சி என்றால் மேடையில் கைதட்டல் வாங்க என்று பார்க்கிற குழந்தை புரிந்துகொள்ளும். மேடை இல்லாத வீட்டில், வந்திருக்கும் தாத்தாவின் மேல் பாயாமல் இருக்க நாய்க்கு யார் கோப்பை கொடுப்பார்கள்?

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) தனி ரகம். அதில் வரும் கருப்பிக்கு 'உட்கார்' தெரியுமா என்று நமக்குக் கேட்கத் தோன்றுவதே இல்லை. அது வேட்டை நாய். வேலை செய்கிற நாய்க்கு அந்த வேலையே பள்ளிக்கூடம். அதனால்தான் அதன் சாவு நம்மை அப்படி உலுக்குகிறது. நம் பிரச்னை, வேலையே இல்லாத நாயை நாலு சுவருக்குள் வைத்திருக்கும் வீடுகளின் பிரச்னை.

இந்த விஷயத்தில் உண்மை பேசியவர் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர். ஜான் க்ரோகன் 2005-ல் எழுதிய 'மார்லி அண்ட் மீ'. 2008-ல் படமாகவும் வந்தது. மார்லியும் லாப்ரடார்தான். பயிற்சி வகுப்புக்கு அழைத்துப் போனால், இந்த நாய் மற்ற நாய்களைக் கெடுத்துவிடும் என்று துரத்திவிடுகிறார்கள். இடி இடித்தால் கதவைப் பிராண்டும். கடைசிவரை அது திருந்தியதாக க்ரோகன் கதை விடுவதில்லை. நாய் வாங்குகிற எண்ணம் இருக்கிற வீட்டில், வாங்குவதற்கு முன்னால் படிக்க வேண்டிய புத்தகம். ஆனால் அதிலும் ஒரு குறை. அடங்காத நாயை வளர்ப்பது ஒரு பெருமை, ஒரு காதல் சாகசம் என்கிற தொனி. அமெரிக்காவில் தனி வீடு, தோட்டம், வேலி எல்லாம் இருந்தால் சாகசம் பண்ணலாம். நம்ம ஊர் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் அசோசியேஷன் மீட்டிங்கில் நம் பெயரை எழுப்புவார்.

இப்போது கணவர் கட்சி. செய்தித்தாள் கட்சி.

2004 முதல் 2012 வரை நேஷனல் ஜியாக்ரஃபிக் சேனலில் ஓடிய 'டாக் விஸ்பரர்' நிகழ்ச்சியில் சீசர் மில்லன் ஐந்து நிமிடத்தில் முரட்டு நாயை அடக்குவார். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் உண்டு, நாய் ஓநாயின் வாரிசு, ஆகவே வீட்டில் நீங்கள் தலைவனாக இருக்க வேண்டும், இதுதான் சித்தாந்தம். நம்ம ஊர் ஆண்களுக்குக் கேட்கவே இதமாக இருக்கும். ஆபீஸில் கிடைக்காத பதவி வீட்டில் கிடைக்கிறதே.

இந்தத் தலைவன் கதை எங்கிருந்து வந்தது? 1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். அந்தக் கருத்தை டேவிட் மெக் என்பவர் 1970-ல் 'தி வுல்ஃப்' என்ற புத்தகத்தில் பிரபலமாக்கினார். பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக்காலங்கள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். அங்கே சண்டை போட்டுப் பதவி பிடித்த தலைவன் யாருமில்லை. ஒரு அப்பா, ஒரு அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான். குடும்பம்! 1999-ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார். தன்னுடைய பழைய புத்தகத்தை இனி அச்சடிக்காதீர்கள் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டே இருந்து, 2022-ல்தான் அது நின்றது. எழுதியவரே வாபஸ் வாங்கிய சித்தாந்தத்தை நம் வீட்டு ஹாலில் இன்னமும் செய்தித்தாளைச் சுருட்டி அமல்படுத்துகிறோம். பிக் பாஸ் வீட்டைப் பார்த்துவிட்டுத் தமிழ்க் குடும்பம் இப்படித்தான் இருக்கும் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்? ஷென்கல் பார்த்தது அதுதான். விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும் அமெரிக்க கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008-லேயே இந்த 'பாஸ்' பயிற்சிக்கு எதிராக அறிக்கை விட்டது. அடக்கினால் நாய்க்கு ஒழுக்கம் வராது, பயம் வரும். பயந்த நாய்தான் கடிக்கும்.

சரி, 'அடிச்சா முழிக்குதே, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்குத் தெரியுதே' என்பீர்கள். நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதை சோதித்து 2009-ல் எழுதினார். தின்னாதே என்று சொல்லி ஒரு தீனியை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்று சொல்வார்கள். அது சில தடவை உண்மை, சில தடவை பொய். உரிமையாளர் திட்டுவார். நாய் தலையைக் குனிந்து, காதை மடக்கி, ஓரக்கண்ணால் பார்க்கும். தின்ற நாயும் பார்த்தது, தின்னாத நாயும் பார்த்தது. அந்த முழி குற்ற உணர்ச்சி இல்லை. எதிரே நிற்கும் ஆளின் குரலுக்குப் பதில்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது கணக்கியல் பாஷையில்தான் புரிகிறது. மனிதன் கடன் கணக்கில் வாழ்கிறவன். காலையில் செய்த தப்பை சாயங்காலம் பற்று எழுதலாம். போன வருஷத்துக் கோபத்தை இந்த தீபாவளிக்கு வட்டியோடு வசூலிக்கலாம். நாய்க்குட்டியிடம் பேரேடு கிடையாது. ரொக்கம் மட்டும். அது உட்கார்ந்த ஓரிரு விநாடிக்குள் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தால், உட்கார்ந்ததற்குச் சம்பளம் என்று பதிவாகும். பத்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதன் பேரில் வரவாகும். மதியம் அது கடித்த செருப்பை ஆபீஸ் முடிந்து வந்து காட்டி அடித்தால் எந்தத் தலைப்பில் பதியும் தெரியுமா? 'அப்பா வீட்டுக்கு வருவது' என்ற தலைப்பில். அப்புறம் நீங்கள் வரும்போது அது கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால், ராஸ்கலுக்குத் திமிர் என்பீர்கள்.

பிஸ்கட் கொடுப்பது லஞ்சமாகாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. லஞ்சம் வேலைக்கு முன்னால் கொடுப்பது. சம்பளம் வேலை முடிந்த பிறகு கொடுப்பது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைத் தெளிவாகச் சொன்ன புத்தகம் கேரன் ப்ரையர் 1984-ல் எழுதிய 'டோன்ட் ஷூட் தி டாக்'. அவர் டால்ஃபின்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். டால்ஃபினை அடித்தால் நீந்திப் போய்விடும். அதனால் அடிக்காமல் கற்றுக்கொடுப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. தலைப்பில்தான் நாய், உள்ளே பிள்ளைகள், மேனேஜர், மாமியார் எல்லோரையும் பழக்குவது பற்றி இருக்கிறது. சொல்கிற விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது அதன் குறை. ஆனால் வாசகியின் கேள்விக்கு ஒரே ஒரு புத்தகம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது மூன்றாவது கட்சிக்கு வருவோம். மாமியார் என்ன செய்கிறார் என்று வாசகி விவரமாகவே எழுதியிருக்கிறார். தினமும் ஒரே நேரத்தில், திண்ணைக்குக் கீழே ஒரே இடத்தில், ஒரே தட்டில் சோறு வைக்கிறார். குட்டி வாசற்படியைத் தாண்டினால் 'ம்ஹும்' என்று ஒரே ஒரு சத்தம். கத்துவதில்லை. கீழே இறங்கியதும் தட்டில் ஏதோ ஒன்று விழும். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் விடுகிறார். கையைக் கடித்தால் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். விளையாட்டு முடிந்தது. ஒரு நாள் விடுவது, ஒரு நாள் அடிப்பது என்பது அவரிடம் கிடையாது.

கேரன் ப்ரையர் எழுதியதெல்லாம் இதுதான்! கொல்லிமலையில் நாய்களைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. சோளக்காட்டுச் சந்தையில் ஜனக் கூட்டத்துக்கு நடுவே கால் மிதிபடாமல் சுருண்டு கிடக்கும் நாய்க்கு 'சிட்', 'ஸ்டே' எதுவும் தெரியாது. எது நம் எல்லை, எது இல்லை என்பது தெரியும். ஏனென்றால் அந்த எல்லை தினமும் அதே இடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் எல்லை நடமாடும். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் ஏறினால் செல்ஃபி. திங்கட்கிழமை ஏறினால் அடி. மகள் 'நோ' என்பாள், அப்பா 'ஏய்' என்பார், பாட்டி 'சீ போ' என்பார். குட்டி மூன்று மொழி படிக்க வேண்டியிருக்கிறது.

மலை நாய்தான் சிறந்தது, ஃபிளாட் நாய் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. சும்மா திரிகிற நாய்க்குத் தடுப்பூசி யார் போடுவார்கள்? வெறிநாய்க்கடி அறிகுறி வந்துவிட்டால் மனிதனுக்கும் மருந்தில்லை. மாமியாருக்கு வாசற்படி தெரியும். ஊசி தேதி மருமகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் மருமகள்தான் செய்ய வேண்டும். ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவில் வருஷக்கணக்கில் குட்டிகளைக் கவனித்து 1965-ல் எழுதினார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை அதன் மனசு திறந்த கதவு. அப்போது பார்த்த மனிதர்கள், சத்தங்கள், குழந்தைகள் எல்லாம் ஆயுளுக்கும் உறவு. அப்போது பார்க்காதது பின்னால் அந்நியம். இந்தக் கதவின் முன்பாதியில் தாயும் கூடப் பிறந்ததுகளும் வேண்டும். கடியின் அளவை அவைதான் சொல்லித்தரும். அதனால்தான் 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் விற்பனை விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பின்பாதி நம் கையில். ஊசி முழுக்கப் போட்டு முடியும் வரை தெருவில் இறக்க பயம் என்றால், கையில் தூக்கிக்கொண்டாவது பஸ் சத்தம், மழைக்கோட்டு, குடை, தாடிக்காரர் எல்லாவற்றையும் காட்டலாம்.

சினிமா இந்த வாரங்களைத்தான் ஒரு பாட்டில் தாண்டிவிடுகிறது. வெறும் சினிமாதானே என்று விட முடியவில்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டு நாய்ப் படங்களையும் நாய்ப் பதிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. படத்தில் வந்த இனத்தை வாங்கும் மோகம் பத்து வருஷம் வரைகூட நீடிக்கிறதாம். படம் எடுத்தவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அல்லது ஒரு ராத்திரி ஊருக்கு வெளியே இறக்கி விடப்படும்.

2024 மார்ச்சில் 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. உடனே எந்த இனம் கெட்ட இனம் என்று டி.வி.யில் விவாதம். இனத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அந்த விவாதத்தில், குட்டியாக இருந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்ட ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கேட்கத் தோன்றாது. நாம் பார்த்த படங்களில் அந்தப் பகுதி இல்லையே.

நாய்ப் படம் எடுக்க நினைக்கிற இளம் இயக்குநர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் எட்டு வாரத்தை எடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லுங்கியோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிற மனிதன், தரையைத் துடைக்கிற மனைவி, 'ம்ஹும்' என்கிற கிழவி. சண்டைக்காட்சி வேண்டாம், பனிமலை வேண்டாம். அதில் இல்லாத நகைச்சுவையா, அழுகையா?

வாசகிக்கு இப்படி பதில் எழுதியிருக்கிறேன்: பிள்ளைகளோடு இன்னொரு தடவை 'சார்லி' பாருங்கள், நல்ல படம். ஆனால் பாடத்தை உங்கள் மாமியாரிடம் படியுங்கள். அப்புறம் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். செய்தித்தாள் படிப்பதற்காக அச்சடிக்கிறோம் சார்.